மானின் இளங்கொடி

எனக்கு வாய் நீளம். ஊரிலும் சொன்னார்கள், இத்தாலிக்கு வந்து பலெர்மோவிலும் சொன்னார்கள். சந்தையில் மீன்காரனோடும், படிக்கட்டைக் கழுவ மறுத்த பக்கத்து வீட்டுக்காரியோடும், வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவோடும் மல்லுக்கு நின்றவள் நான். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை, பேசியே ஆகவேண்டிய இடத்தில், "இல்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு வாயை மூடிக்கொண்டேன். அதைத்தான் எழுதப்போகிறேன். இத்தாலியர்கள் என்னோடு பேசியதையும் என் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன். என் மண்டைக்குள் அது அப்படித்தான் பதிந்திருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கணவருக்கும் எனக்கும் போர்கோ வெக்கியோவில் ஓர் அறை. அவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவினார். கைகள் இரண்டும் எப்போதும் மட்டிச் சிப்பி மணக்கும். நான் லிபெர்த்தா தெருவில் ஒரு பெரிய வீட்டில் சமைத்தேன், துடைத்தேன், படுத்த படுக்கையாகக் கிடந்த சிஞ்ஞோராவின் தாயைக் குளிப்பாட்டினேன். இருவருக்கும் பெர்மெஸோ என்கிற வதிவிட அனுமதிக் கடதாசி இல்லை. நான்கு வயது மகளை யாழ்ப்பாணத்தில் என் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். கடதாசி கிடைத்தால்தான் அவளைக் கூப்பிடலாம். எங்கள் வீட்டில் வேறு கதையே இல்லை.

சிஞ்ஞோராவின் தாய் இறந்ததும் எனக்கு அங்கே வேலை குறைந்துவிட்டது. சிஞ்ஞோராவின் கணவரைத் தொத்தோரே, அதாவது டொக்டர், என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் யாருக்கும் ஒரு குளிசை கொடுத்ததை நான் காணவில்லை. பலெர்மோவில் கொஞ்சம் வசதியாக இருந்தால் எல்லோரும் தொத்தோரேதான். அவருக்கு நகரத்துக்குப் பின்னால் மலையில் ஒரு தோட்டமும் வீடும், கம்பிவலை அடித்த ஒரு மான் பண்ணையும் இருந்தன. அங்கே தங்கி வீட்டைப் பார்த்து மானுக்குத் தீன் போட ஆள் வேண்டும் என்றார். நான் மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவள். மான் என்ன, மெலிந்த மாடுதானே என்று போனேன்.

தீன் போடும் வேலை லேசானது. ஒரு பழைய ஒலிவ் எண்ணெய் டின்னுக்குள் சோளத்தைப் போட்டுக் குலுக்குவேன். சத்தம் கேட்டதும் புதருக்குள் கிடக்கும் மான்கள் எல்லாம் ஓடிவரும். ஒரு மாதத்துக்குள் என் பாவாடையை முகர்ந்துகொண்டே பின்னால் வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் தொத்தோரேயின் சிநேகிதர்கள் ஜீப்பில் வருவார்கள். புதுச் சப்பாத்து, புதுத் துவக்கு. அன்றைக்கும் டின்னைக் குலுக்க வேண்டியது நான்தான். நான் குலுக்க மான்கள் ஓடிவரும், அவர்கள் சுடுவார்கள், பிறகு மானோடு நின்று படம் எடுப்பார்கள். அது வேட்டை என்றால் கோழிக்கூட்டுக்குள் கை விடுவதும் வேட்டைதான். முதல் ஞாயிறு நான் குசினிக்குள் வந்து சத்தி எடுத்தேன். நான்காவது ஞாயிறு எடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

பண்ணைக்குக் கீழே ஓர் ஆட்டுக்காரர் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணம் ஆகாதவர். ஆடுகள்தான் அவருக்கு எல்லாம். பின்பக்கக் கேற்றுக்கு வெளியே ஒரு காட்டு அத்தி மரமும், அதனடியில் ஊற்றுத் தண்ணீர் விழும் கல்தொட்டியும் இருந்தன. மத்தியானம் அங்கேதான் தன் ஆடுகளைத் தண்ணீருக்கு விடுவார். எனக்கு ஒரு போத்தல் பால் தருவார். நான் அதைப் பொங்கவைத்துத்தான் குடிப்பேன் என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாலைச் சாகடிச்சுப்போட்டுப் பிறகென்ன பால், சிஞ்ஞோரா? நான் கறந்த சூட்டோட குடிக்கிறன். பாருங்கோ என்ர உடம்பை."

"எங்கட ஊரிலை கண்டுக்குட்டிதான் பச்சைப்பால் குடிக்கும்" என்றேன். அதற்கும் சிரித்தார். அந்த மலையில் என்னோடு மனிசராகக் கதைத்த ஒரே ஆள் அவர்தான்.

வேட்டைச் சட்டத்தை எனக்கு விளங்கப்படுத்தியதும் அவர்தான். "வேலிக்கு உள்ளுக்கை நிண்டால் அது தொத்தோரேயின்ர ஆடு மாடு. வேலியைத் தாண்டினால் அரசாங்கத்தின்ர சொத்து. உள்ளுக்கை சுட்டால் விருந்து, வெளியிலை சுட்டால் மறியற்சாலை. என்ர ஆட்டுக்கு வருசா வருசம் வந்து ரத்தம் எடுக்கிறாங்கள். காதிலை நம்பர் குத்துறாங்கள். அந்த மானுக்கு ஆர் ரத்தம் எடுக்கிறது? ஒருத்தருக்கும் தெரியாது."

அந்த மாசி மாதம் தொத்தோரே கடல் கடந்து எங்கிருந்தோ ஒரு லொறியில் புது மான்களை இறக்கினார். இறக்கும்போது ஒரு கடதாசியையும் நான் காணவில்லை. பங்குனியில் சினை மான் ஒன்று குறை மாதத்தில் குட்டி போட்டது. மயிர்கூட முளைக்காத குட்டி, செத்தே பிறந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. மொத்தம் ஐந்து.

இனி நான் செய்த வேலையைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மாடு கன்று போட்டால், கன்றுக்குப் பின்னால் விழும் இளங்கொடியை நாய்க்கு விடமாட்டார்கள். நாய் தின்றால் தாய்க்குப் பால் வற்றும், அடுத்த கன்று தங்காது. சாக்கில் சுற்றிக் கட்டி, பால் உள்ள மரமாகப் பார்த்து, ஆலிலோ அத்தியிலோ உயரத் தொங்கவிடுவார்கள். நரிகள் வந்து அந்தக் கொடிகளை இழுத்துத் தின்றதைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குட்டி தங்காததற்கு வேறு காரணம் வேண்டுமா? முறையாகச் செய்ய ஆளில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். லிபெர்த்தா வீட்டில் பழகிய பழக்கத்தில் பாத்திரம் கழுவும் இளஞ்சிவப்புக் கையுறையைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் சாக்கில் அள்ளிக் கட்டினேன். பண்ணைக்குள் முழுக்கப் பைன் மரம், பால் இல்லாத மரம். வேலிக்கு வெளியே நின்ற அந்தக் காட்டு அத்தியின் கிளையைக் கிள்ளிப் பார்த்தேன். வெள்ளைவெளேர் என்று பால் வடிந்தது. அதிலேயே தொங்கவிட்டேன், ஐந்து மூட்டைகளையும்.

மூட்டைகள் இரண்டு மூன்று நாள் சொட்டின. தொட்டிக்குள்ளும் சொட்டின, தரையிலும் சொட்டின. ஆடுகள் பின்னங்காலில் எழும்பி அந்த மரத்தின் தளிரைத்தான் கடிக்கும்.

ஆட்டுக்காரர் பார்த்துவிட்டு இதென்ன என்று கேட்டார். அடுத்த குட்டி தங்கவும் பால் வற்றாமல் இருக்கவும் எங்கள் ஊரில் இப்படிக் கட்டுவது வழக்கம் என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை. அவர் தொப்பியைக் கழற்றினார். அந்த ஊரில் கால் சுகமானால் வெள்ளியில் கால் செய்து கோயிலில் தொங்கவிடுகிற சனம். அவருக்கு அது நேர்த்திக்கடனாகத் தெரிந்தது. நல்ல வழக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசியில் அவருடைய ஆடுகள் குட்டி கொட்டத் தொடங்கின. மானுக்கு நடந்தது போலவே. அவருக்கும் காய்ச்சல் வந்தது. பகலில் ஆளைப் பார்த்தால் ஒன்றுமில்லை, பின்னேரமானால் சட்டை பிழியப் பிழிய வேர்வை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மிருக வைத்தியக் கந்தோரிலிருந்து வந்து இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் குட்டி கொட்டவைக்கும் நோய், அவருக்கும் அதே நோய். பச்சைப்பாலில் வருகிற காய்ச்சல் என்றார்கள்.

அதே மாதம்தான் யாழ்ப்பாணம் முழுக்கச் சண்டைக்குப் பயந்து ஒரே நாளில் வீடு வாசலை விட்டு வெளிக்கிட்டது. தங்கையும் மகளும் எந்த மரத்துக்குக் கீழே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கடிதம் இல்லை, தொலைபேசி இல்லை. அதே நேரத்தில் இங்கே, வேலை கொடுத்தவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் களவாய் இருக்கிறவர்களுக்கும் பெர்மெஸோ கிடைக்கும் என்று அரசாங்கம் அறிவித்தது. ஸ்ஃபெர்ராகவால்லோக் கடைக்காரர் கணவருக்குக் கையெழுத்துத் தர மறுத்துவிட்டார். மிச்சம் இருந்தது தொத்தோரே ஒருவர்தான்.

அவர் ஒரு காலை தனியாக வந்தார். கதிரையில் இருந்து கோப்பி குடித்தார். "மிருக வைத்தியர் வெள்ளிக்கிழமை இஞ்சை வருவா. குட்டி கொட்டின அஞ்சு மானும் உமக்கு அடையாளம் தெரியுந்தானே? பின்பக்கக் கேற்றைத் திறந்து வெளியிலை விடும். வெளியிலை போனால் அது என்ர மான் இல்லை" என்றார். பிறகு கோப்பையை வைத்துவிட்டு, "உம்மட கடதாசியை எழுதி வைச்சிருக்கிறன். நோயெண்டு கண்டு மானெல்லாத்தையும் சாகடிச்சால் எனக்குப் பண்ணை இல்லை. பண்ணை இல்லாட்டி உமக்கு வேலை இல்லை. இல்லாத வேலைக்கு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டார். கோபமே இல்லாத குரல்.

அன்று பகல் கேற்றைத் திறந்தேன். அந்த ஐந்து மான்களும் போகவில்லை. கம்பு எடுத்து விரட்டினேன், சுற்றிச் சுற்றி என்னிடமே வந்தன. கடைசியில் டின்னைக் குலுக்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். வெளியே வந்து, அத்தி மரத்தடியில் சோளத்தைக் கொட்டிவிட்டு, நான் மட்டும் உள்ளே ஓடிக் கேற்றைச் சாத்தினேன். தின்று முடித்துவிட்டு ஐந்தும் கம்பிவலைக்கு மூக்கைக் கொடுத்து நின்றன. நான் பார்க்காமல் போனேன்.

பின்னேரம் சந்திக் கடைத் தொலைபேசியிலிருந்து கணவரோடு கதைத்தேன்.

"இஞ்சருங்கோ, அந்த மனிசன்ர ஆட்டுக்கு நோய் எங்கையிருந்து வந்ததெண்டு எனக்குத் தெரியும் போல கிடக்கு."

"தெரிஞ்சால் தெரிஞ்சதா இருக்கட்டும். நீர் பேசாமல் இரும்."

"அந்தாள் எனக்குப் பால் தந்த ஆள்."

"பிள்ளை எங்கை கிடக்குதெண்டு தெரியேல்லை, நீர் ஆட்டைப் பற்றிக் கதைக்கிறீர்" என்றார். அவர் அழுகிறார் என்று மூச்சில் தெரிந்தது. நான் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மிருக வைத்தியர் வந்தார். இளம் பெண், சேறு படிந்த இறப்பர் பூட்ஸ், நல்ல முகம். ஆட்டுக்காரரும் கூட வந்திருந்தார். அவருடைய ஆடுகளைக் கொல்ல வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அதற்கு இனி மாற்று இல்லை. ஆனால் நோய் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து, அந்த இடம் துப்பரவானால்தான் அவர் புது ஆடு வாங்கி விடலாம். தெரியாவிட்டால் அந்த மலை அவருக்குப் பூட்டு. அது மட்டுமில்லை, கடதாசி இல்லாத ஆட்டை எங்கோ வாங்கிச் சேர்த்துவிட்டு மறைக்கிறார் என்று கந்தோரில் அவர்மேல் சந்தேகப்பட்டிருந்தார்கள். அவர் யேசுவின் மேல் சத்தியம் பண்ணிக்கொண்டு நின்றார்.

வைத்தியர் பின்பக்கக் கேற்றடியில், வலைக்கு வெளியே நின்று மான்களைப் பார்த்தார். வெளியே விட்ட ஐந்தும் அதற்குள் மலை ஏறிப் போயிருந்தன. உள்ளே நின்றவை எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. பிடித்து இரத்தம் எடுப்பதென்றால் மயக்க ஊசி வேண்டும், ஆட்கள் வேண்டும், மேலிடத்து உத்தரவு வேண்டும். அதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் என் வாய்க்குள் இருந்தது.

"இந்த நோய் மூச்சிலை பரவுறது குறைவு. குட்டியோட விழுகிற தண்ணியிலையும் கொடியிலையும்தான் கூட. அது விழுந்த புல்லைத் திண்டால், தண்ணியைக் குடிச்சால் போதும்" என்று பொறுமையாகச் சொன்னார். அதுவரை மான்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். நான்தான் காரணம் என்று அப்போதுதான் தெரிந்தது. வேலிக்கு உள்ளே கிடந்ததை அள்ளி, கட்டி, ஆட்டுக்காரரின் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டவள் நான்.

வைத்தியர் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். மூன்று மூட்டைகள் காற்றில் விழுந்துவிட்டன. இரண்டு காய்ந்து கறுத்துத் தொங்கின. "இது என்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆட்டுக்காரர் குறுக்கே வந்தார். "அதைத் தொடாதேங்கோ, தொத்தோரெஸ்ஸா. அது இந்தச் சிஞ்ஞோராவின்ர நேர்த்தி. அவையின்ர சமயம்." வைத்தியர் முகம் சிவந்து, மன்னியுங்கோ என்று இரண்டு அடி பின்னால் போனார். என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்த மனிசன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டார்.

பிறகு வைத்தியர் என்னைப் பார்த்து நேராகக் கேட்டார். "இஞ்சை ஏதாவது மான் குறைமாசத்திலை குட்டி போட்டதா?"

"இல்லை" என்றேன்.

மகளின் முகத்தை நினைத்துத்தான் சொன்னேன். இன்று கேட்டாலும் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னை நம்பி, எனக்காகத் தலையையும் ஆட்டினார்.

அடுத்த கிழமை இரண்டு லொறிகள் வந்தன. ஆடுகள் ஏற மறுத்தன. லொறிக்காரன் அடித்தான், இழுத்தான், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஆட்டுக்காரரே பலகையில் ஏறி நின்று, தண்ணீருக்குக் கூப்பிடுவது போல விசில் அடித்தார். எல்லாம் வரிசையாக ஏறின. நான் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு கேற்றடியில் நின்று பார்த்தேன். என்னால் அழக்கூட முடியவில்லை. அழுவதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

தொத்தோரே வந்து ஆட்டுக்காரரின் தோளில் கை போட்டு ஆறுதல் சொன்னார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் அந்த ஓநாய்க்குப் பக்கத்தில் நானும் நின்றேனே. வெளியே விட்ட ஐந்து மான்களைப் பற்றி ஊரார் முறைப்பாடு செய்தார்கள். காட்டு இலாகாக்காரர் வந்து பார்த்துவிட்டு, அது அரசாங்கத்தின் சொத்து, சுட முடியாது, யாருடையது என்று சொல்லவும் முடியாது என்று போய்விட்டார்கள். அவை மலை முழுக்கத் திரிந்தன. வேறு மந்தைகளின் புல்லிலும் படுத்தன.

தொத்தோரே சொன்ன சொல் தவறவில்லை. கையெழுத்து வைத்தார். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பனியில் வரிசையில் நின்று விரல் அடையாளம் கொடுத்தேன். தையில் தங்கையின் கடிதம் வந்தது. பிள்ளை உயிரோடு இருந்தாள். மாசி முடிவில் பெர்மெஸோ கையில் கிடைத்தது. அந்த நீலக் கடதாசியை நானும் கணவரும் மாறி மாறி வாசித்தோம். அவர் அதைக் கண்ணில் ஒற்றினார். நான் ஒற்றவில்லை.

நகரத்தில் வேறு வேலை எடுத்துக்கொண்டு மலையை விட்டு வந்துவிட முடிவெடுத்தேன். எனக்குப் பதிலாகத் தொத்தோரே யாரைப் பிடித்தார் தெரியுமா? ஆட்டுக்காரரைத்தான். காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்த உடம்பு, கல் சுமக்க முடியாது, ஆடும் வளர்க்க முடியாது. மானுக்குத் தீன் போடத்தான் முடியும்.

கடைசி நாள் காலை அவருக்கு எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தேன். சோளம் இருக்கும் இடம், டின்னைக் குலுக்கும் விதம். பங்குனி பிறந்திருந்தது. சினை மான்கள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நின்றன. புறப்படும் நேரம் அவர் தயங்கித் தயங்கி ஒரு பழைய சாக்கை எடுத்து வந்தார்.

"சிஞ்ஞோரா, அந்த மூட்டையை எப்பிடிக் கட்டுறதெண்டு காட்டிப்போட்டுப் போங்கோ. நான் அண்டைக்கே உங்களிட்டைக் கேட்டுப் பழகியிருந்தால் என்ர ஆடுகள் தப்பியிருக்குமோ எண்டு நினைக்கிறனான்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். காட்டிக்கொடுத்துவிட்டும் போயிருக்கலாம். எனக்கு அந்த இளஞ்சிவப்புக் கையுறை ஞாபகம் வந்தது. அதைப் பையிலிருந்து எடுத்து அவருடைய கையில் வைத்தேன்.

"கட்டாதேங்கோ. செத்த குட்டியோ கொடியோ விழுந்தால் இதைப் போட்டுக்கொண்டு தொடுங்கோ. ஆழமாக் கிடங்கு வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கோ. மரத்திலை மட்டும் கட்டாதேங்கோ" என்றேன்.

"ஏன்? நீங்கள் கட்டினீங்கள்தானே. அஞ்சு..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். மரத்தைப் பார்த்தார். அதிலிருந்து கண்ணை இறக்கித் தொட்டியைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"உங்கட பிள்ளை எப்ப வருகுது?"

"ஆவணியிலை."

"எத்தினை வயசு?"

"ஆறு நடக்குது."

அவர் தலையை ஆட்டினார். கையுறையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். என் கையிலிருந்த டின்னை மெதுவாக வாங்கினார்.

"நானெண்டாலும் அண்டைக்கு இல்லையெண்டுதான் சொல்லியிருப்பன்" என்றார். "ஆனால் இனி இந்தப் பக்கம் வராதேங்கோ."

நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் சந்திக்கு இறங்கினேன். பின்னால் டின் குலுங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கம்பிவலைக்கு உள்ளேயிருந்தும் மான்கள் ஓடிவந்தன, வெளியேயிருந்தும் ஓடிவந்தன.